நித்தியகல்யாணிக் கேலஸில் வின்பிளாஸ்டின் கிடைக்கவில்லை: தவறு எங்கே?

கேள்வி: பொருநை மாணவி

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து வாசலில் நடவே தயங்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் கிடைக்கிறது என்று இளங்கலையில் படித்தபோதே, என்றாவது இந்தச் செடியை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதனால் இறுதிப் பருவத்தில் "நித்தியகல்யாணி இலைக் கேலஸிலிருந்து வின்பிளாஸ்டின் உற்பத்தி" என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேலஸ் என்பது ஊடகத்தில் வளரும், உறுப்பாகப் பிரியாத செல் திரள்; வின்பிளாஸ்டினும் இதே செடியில் கிடைக்கும் புற்றுநோய் மருந்துதான்.

இளம் இலைகளை ஓடும் நீரில் அலசி, ட்வீன் 20 இட்டுக் கழுவி, 70 விழுக்காடு எத்தனாலில் அரை நிமிடமும் 0.1 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடில் மூன்று நிமிடமும் வைத்துத் தூய்மைப்படுத்தினேன். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் 8 கிராம் அகாரும் சேர்த்த எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊட்ட ஊடகத்தில், வளர்ச்சி ஊக்கிகளான 2,4-டி ஒரு மில்லிகிராமும் கைனடின் அரை மில்லிகிராமும் கலந்து, பி.ஹெச். 5.8-இல் வைத்தேன். மூன்று வாரத்தில் ஈர ரவையைப் போல உதிரியாக, வெளிர்மஞ்சள் நிறத்தில் கேலஸ் நன்றாக வந்தது. இதுவரை மூன்று முறை புது ஊடகத்துக்கு மாற்றிவிட்டேன். நாற்பது கிராம் கேலஸை உலர்த்தியதில் ஏறத்தாழ இரண்டு கிராம் பொடி கிடைத்தது. அதை மெத்தனாலில் ஊறவைத்து வடித்து, வின்பிளாஸ்டின் தரமாதிரியுடன் டி.எல்.சி. (மென்படல வண்ணப்பிரிகை) தகட்டில் ஓட்டினால், தரமாதிரியின் புள்ளி தெளிவாக நிற்கிறது; கேலஸ் சாற்றில் அந்த உயரத்தில் ஒன்றுமே இல்லை. இருமுறை செய்து பார்த்தும் இதே நிலைதான்.

2,4-டி அளவு தவறா, ஊடகத்தை மாற்ற வேண்டுமா என்று தெரியவில்லை. அதைவிட என்னை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. இலைச் செல்லிலும் கேலஸ் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். ஒவ்வொரு தாவரச் செல்லும் முழுத்திறன் உடையது என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியானால் இலை செய்யும் ஒரு பொருளைக் கேலஸ் ஏன் செய்வதில்லை? ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரங்களே இருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில்: பழைய கரும்பலகை

மாணவிக்கு வாழ்த்துகள். முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கைவேலையில் தவறு இல்லை. மூன்று வாரத்தில் தொற்றில்லாமல் உதிரிக் கேலஸ் எடுத்திருக்கிறீர்கள். அதுவே பலருக்கு ஒரு பருவம் முழுவதும் கைகூடாது. தவறு தலைப்பில் இருக்கிறது.

முழுத்திறன் பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. 1902-இல் ஹேபர்லாண்ட் தனிச் செல்களை வளர்க்க முயன்று, ஒரு செல்லுக்கு முழுச் செடியாகும் ஆற்றல் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். ஆற்றல் உண்டு என்பதுதான் அதன் பொருள். எந்த நேரத்திலும் எல்லா வேலையையும் செய்துகொண்டிருக்கும் என்பதன்று. கேலஸ் என்பது சிறிய இலையும் அன்று, சிறிய செடியும் அன்று. இலை என்ற அடையாளத்தைத் துறந்துவிட்டுப் பெருகுவது ஒன்றையே வேலையாகக் கொண்ட செல்களின் திரள் அது. மேலும், 2,4-டி சேர்த்து நீங்களே அந்த நிலையில் அதைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இந்த ஆக்சின் செல் பெருக்கத்துக்கு எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவுக்கு இச்செடியின் ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்) உற்பத்தியை அடக்கும்.

ஆனால் 2,4-டியை நீக்கினாலும் வின்பிளாஸ்டின் வராது. அதற்குக் காரணம் இலையின் உள்ளமைப்பு. வின்பிளாஸ்டின் என்பது கேதராந்தின், விண்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் இணைந்த இரட்டை மூலக்கூறு. இவற்றைச் செய்யும் தொடர்வினை ஒரே செல்லுக்குள் நடப்பதில்லை. உணவு கடத்தும் திசுவான ஃபுளோயத்தை ஒட்டிய பாரன்கைமா செல்களில் முதற்கட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து இடைப்பொருள் இலையின் புறத்தோல் செல்களுக்கு வந்து, அங்கே டிரிப்டமினோடு சேர்ந்து ஸ்டிரிக்டோசிடின் ஆகிறது. விண்டோலினுக்கான கடைசிப் படிகளோ இலையின் உட்பகுதியில் ஆங்காங்கே நிற்கும் இடியோபிளாஸ்ட் செல்களிலும் பால்குழாய்ச் செல்களிலும் மட்டுமே நடக்கின்றன. அந்தக் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு வெளிச்சமும் தேவை. ஒரு வீட்டில் அரைத்த மாவு அடுத்த வீட்டுக்குப் போய்ப் புளித்து மூன்றாம் வீட்டில் தோசையாவது போன்ற ஏற்பாடு இது. கேலஸில் அந்த மூன்றாம் வீடே கட்டப்படவில்லை. அதனால்தான் நித்தியகல்யாணியின் செல் வளர்ப்புகளில் அஜ்மாலிசின், செர்பென்டைன், ஓரளவு கேதராந்தின் ஆகியவை கிடைத்தாலும் விண்டோலின் கிடைப்பதில்லை. விண்டோலின் இல்லாமல் வின்பிளாஸ்டின் இல்லை.

இதில் என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010-இல் கனடாவின் பிராக் பல்கலைக்கழகக் குழுவினர் இலைகளைக் குளோரோஃபார்மில் நனைத்து மேற்பரப்பு மெழுகை மட்டும் கரைத்தெடுத்தபோது, கேதராந்தின் ஏறக்குறைய முழுவதும் அந்த மெழுகோடு வந்துவிட்டது. விண்டோலின் இலைக்குள்ளேயே இருந்துவிட்டது. செடி ஒன்றை மேற்பூச்சாக வெளியே வைக்கிறது, மற்றொன்றை உள்ளே பூட்டி வைக்கிறது. இரண்டும் சேர வாய்ப்பே குறைவு என்பதால்தான் இலையில்கூட வின்பிளாஸ்டின் அவ்வளவு சொற்பமாக இருக்கிறது.

எவ்வளவு சொற்பம் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோ உலர் இலை வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஒரு கிராம் உலர் இலையில் கையில் கிடைப்பது 2 மைக்ரோகிராம். உங்களிடம் இருந்த இரண்டு கிராம் பொடி முழுவதும் இலைப் பொடியாகவே இருந்திருந்தாலும் 4 மைக்ரோகிராம்தான் தேறும். வடித்தலில் இழந்தது போக, அதில் ஒரு துளியைத் தகட்டில் வைத்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? கேலஸ் சாற்றோடு இலைச் சாற்றையும் அதே தகட்டில் ஓட்டியிருந்தால் இது முதல் நாளே விளங்கியிருக்கும். ஒப்பீட்டு மாதிரி இல்லாத சோதனையை என் மாணவர்கள் யாரையும் நான் செய்யவிட்டதில்லை.

பதில்: குடுவையும் குலுக்கியும்

பழைய கரும்பலகை ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தாவரச் செல்களைக் கலன்களில் வளர்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், எது வெற்றி பெற்றது, ஏன் பெற்றது என்பதைச் சொல்கிறேன். தங்கைக்கு அடுத்த தலைப்பைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

இந்தத் துறையில் முதல் வணிக வெற்றி ஜப்பானில், 1983-இல், மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் உற்பத்தி செய்த ஷிகோனின். லித்தோஸ்பெர்மம் என்ற செடியின் வேரில் கிடைக்கும் சிவப்புப் பொருள் அது. காயத்துக்கான மருந்தாகவும் சாயமாகவும் பயன்பட்டது; கானெபோ நிறுவனம் அதை உதட்டுச்சாயத்தில் சேர்த்து விற்றது. செடியை நட்டு வேர் முற்றச் சில ஆண்டுகள் ஆகும். முற்றிய வேரிலும் ஓரிரு விழுக்காடுதான் ஷிகோனின். கலனிலோ சுமார் மூன்று வாரத்தில் செல்களின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சேர்ந்தது.

இதற்குப் பின்னால் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தபாட்டா குழுவினர் பல ஆண்டுகள் செய்த பொறுமையான வேலை இருக்கிறது. 2,4-டி இருந்தால் நிறம் வரவில்லை. வெள்ளை ஒளி பட்டால் வரவில்லை. ஊடகத்தில் அம்மோனியம் இருந்தால் வரவில்லை. தாமிரத்தைக் கூட்டினால் மிகுதியாக வந்தது. செல் பெருக உகந்த ஊடகமும் பொருள் சேர உகந்த ஊடகமும் ஒன்றுக்கொன்று பகை என்பது இதிலிருந்தே விளங்கும். அதனால் ஒரு கலனில் செல்களைப் பெருக்கி, பின்னர் அவற்றை வேறு ஊடகம் கொண்ட இரண்டாவது கலனுக்கு மாற்றி அங்கே ஷிகோனினைச் சேரவிட்டார்கள். இந்த இருகட்ட முறைதான் பின்னால் வந்த பலருக்கும் முன்மாதிரி.

ஷிகோனினுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அது சிவப்பு. தட்டில் இருக்கும் நூறு கேலஸ் துண்டுகளில் எது மிகுதியாகச் செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்து, அதை மட்டும் கிள்ளி எடுத்து வளர்க்கலாம். நிறமில்லாத பொருளுக்கு இது வாய்க்காது. நித்தியகல்யாணியின் அஜ்மாலிசினுக்காக 1977-இல் ஜெர்மனியில் செங்க் குழுவினர் கதிரியக்க எதிர்ப்பொருள் சோதனையை வைத்து ஒவ்வொரு செல் வரிசையாகச் சலித்தெடுத்தார்கள். நல்ல வரிசைகள் கிடைத்தன. ஆனாலும் அஜ்மாலிசின் தொழிலாக நிலைக்கவில்லை. உலர்ந்த வேர் அதைவிட மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பெரிய வெற்றி பாக்லிடாக்செல். 1971-இல் வானி, வால் ஆகியோர் அமைப்பை வெளியிட்ட இந்தப் பொருள், 1992-இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பசிபிக் யூ மரப்பட்டையில் அது 0.01 விழுக்காடு அளவில்தான் உண்டு, அதாவது ஒரு கிலோ மருந்துக்குப் பத்தாயிரம் கிலோ பட்டை. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். முதலில் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து இடைப்பொருளை எடுத்து வேதிமுறையில் முடித்தார்கள். பின்னர் ஜெர்மனியில் ஃபைட்டான் நிறுவனத்தின் கலன்களில் யூ மரச் செல்களை வளர்த்து நேரடியாக எடுத்தார்கள். அங்குள்ள பெரிய கலன் 75,000 லிட்டர் கொள்ளளவு உடையது. மருந்தை விற்றுவந்த பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் இந்த முறைக்கு மாறியதற்காக 2004-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. பூச்சியோ நோயோ தாக்கியதாகச் செல்களை நம்பவைக்கும் மெத்தில் ஜாஸ்மோனேட்டை ஊடகத்தில் சேர்த்தால் யூ செல்கள் பாக்லிடாக்செலைப் பெருக்கும். அதில் ஒரு பகுதி ஊடகத்திலேயே வெளியேறும். கேலஸ் நிலையிலேயே இப்பொருளைச் செய்ய யூ செல்களால் முடிகிறது. நித்தியகல்யாணிக்கும் யூ மரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தொழிலின் கடினத்தையும் சொல்லிவிட வேண்டும். தாவரச் செல் ஒரு முறை இரட்டிக்க இரண்டு முதல் ஐந்து நாட்கள் ஆகும்; சாதாரணப் பாக்டீரியாவுக்கு இருபது நிமிடம் போதும். ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்தால் போதும், மூன்று வார உழைப்பு ஓர் இரவில் போய்விடும். நான் பணியாற்றிய ஓர் இடத்தில் ஐந்து லிட்டர் கண்ணாடிக் கலன் பன்னிரண்டு நாட்கள் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தவுடன் புளித்த மாவு வாடை அடித்தது. முந்தின நாள் வரை அடியில் படியும் மணல்போல இருந்த செல்கள் மிதக்க, நீர் முழுவதும் மோர்போல வெளுத்திருந்தது. காற்று வெளியேறும் வடிகட்டி நீராவியால் நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பின் அந்த வடிகட்டியைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் புறப்பட்டதில்லை.

இன்னொன்று, நன்றாகச் செய்துகொண்டிருந்த செல் வரிசை மறுவளர்ப்பு செய்யச் செய்ய மெல்ல மறந்துபோகும். பத்தாம் மாற்றத்தில் இருந்த அளவு முப்பதாம் மாற்றத்தில் இருக்காது. எனவே நல்ல வரிசை கிடைத்தவுடன் அதைத் திரவ நைட்ரஜனில், −196 பாகையில், உறையவைத்துச் சேமிப்பதே முதல் வேலை.

பதில்: வரைபடத்தின் முகடு

பகுப்பாய்வு பற்றிச் சுருக்கமாக ஒன்று. நித்தியகல்யாணிக் கேலஸில் வின்பிளாஸ்டின் கிடைத்தது என்று சொல்லும் கட்டுரைகளை மாணவி படித்திருக்கக்கூடும். தலைப்பு அங்கிருந்து வந்திருக்கலாம். அவற்றைப் படிக்கும்போது, எந்த முறையில் அடையாளம் கண்டார்கள் என்ற பகுதியை முதலில் பாருங்கள். ஹெச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை) வரைபடத்தில் தரமாதிரியின் முகடு வரும் அதே நிமிடத்தில் ஒரு முகடு வந்தது என்பதை மட்டும் வைத்து, அது வின்பிளாஸ்டின்தான் என்று எழுதிவிடக் கூடாது. இச்செடியில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று அதே நிமிடத்தில் வெளியேறலாம். நிறமாலையை ஒப்பிட்டு, நிறைமானியில் மூலக்கூறு எடையையும் உடைந்த துண்டுகளையும் காட்டியிருந்தால்தான் நம்பலாம். உங்கள் தகட்டில் ஒன்றும் இல்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை ஆய்வேட்டிலும் அப்படியே எழுதுங்கள். அதைத் திருத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை.

பதில்: மானாவாரி நிலம்

இந்த உரையாடலை ஒரு விவசாயியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் குடும்பம் நித்தியகல்யாணி பயிரிட்டிருக்கிறது. மழையை மட்டும் நம்பிய நிலத்தில், ஆடு மாடு வாய் வைக்காத பயிர் என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதி. விதையை மணலோடு கலந்து நேரடியாக விதைப்போம். ஆறாம் மாதம் ஒரு முறை, ஒன்பதாம் மாதம் ஒரு முறை இலை உருவுவோம். ஓராண்டு ஆனதும் தண்டைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் அறுத்துவிட்டு, உழுது வேரைப் பொறுக்குவோம். இலையை நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு மழை நனைந்து கறுத்துவிட்டால் வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவார். உலர்ந்த இலை மூட்டையைத் தூக்கும்போது எழும் தூசியில் நாக்கெல்லாம் கசக்கும். அன்று முழுவதும் தண்ணீர் குடித்தாலும் போகாது.

பழைய கரும்பலகை ஐயா சொன்ன கணக்கை எங்கள் நிலத்துக்கு வைத்துப் பார்த்தேன். மானாவாரியில் எக்டேருக்கு இரண்டு டன் உலர் இலை என்பது நல்ல விளைச்சல். 500 கிலோவுக்கு ஒரு கிராம் என்றால், ஓராண்டு முழுவதும் இரண்டரை ஏக்கரில் நாங்கள் பாடுபட்டது நான்கு கிராம் மருந்து. இதை எழுதும்போது எனக்கு வருத்தமா பெருமையா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது.

எனக்கு இரண்டு கேள்விகள். எங்கள் பகுதியில் திசு வளர்ப்பு என்றால் ஜி-9 வாழைக்கன்றுதான். செடியைப் பெருக்கும் அந்தத் திசு வளர்ப்பும் நீங்கள் பேசுவதும் ஒன்றா? அடுத்து, இந்தக் கலன்கள் வந்துவிட்டால் எங்கள் இலையை யார் வாங்குவார்கள்?

பதில்: குடுவையும் குலுக்கியும்

மானாவாரி அண்ணாச்சிக்கு வணக்கம். அடிப்படை ஒன்றுதான், நோக்கம் வேறு. வாழையில் குடுவையிலிருந்து ஒரே மாதிரியான கன்றுகளை எடுத்து வயலுக்கு அனுப்புகிறோம், விளைச்சல் வயலில்தான். இங்கே செல்லே விளைச்சல், கலனே வயல். உங்கள் போன்றோருக்கு இன்று உடனடியாகப் பயன்தரக்கூடியது முதல் வகைதான். தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுவோருக்கு நடவுக் கிழங்குதான் பெருஞ்செலவு. அதைத் திசு வளர்ப்பில் பெருக்கித் தருவது ஒரு நல்ல வேலை. அதன் மருந்துப் பொருளான கோல்சிசினையே குடுவையில் செய்வது வேறு வேலை, இன்னும் எட்டாத வேலை.

இரண்டாவது கேள்விக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின், ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியின் இலைமேல் இருக்கும் சுரப்பித் தூவிகளில்தான் உருவாகிறது. கேலஸில் தூவி இல்லை, பொருளும் இல்லை. எனவே ஈஸ்ட் செல்லுக்குள் அந்த மரபணுக்களைப் புகுத்தி ஆர்ட்டிமிசினிக் அமிலத்தைச் செய்யவைத்து, மீதியை வேதிமுறையில் முடித்தார்கள். சனோஃபி நிறுவனம் 2013-இல் இத்தாலியில் பேரளவு உற்பத்தியையே தொடங்கியது. ஆனால் அதே காலத்தில் வயலில் விளைந்த சரக்கின் விலை இறங்கிவிட்டது. ஈஸ்ட் சரக்கால் அதோடு போட்டியிட முடியவில்லை. 2016-இல் அந்த ஆலையை விற்றுவிட்டார்கள். விவசாயியின் வெற்றி என்று இதைக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. விலை இறங்கியது அவர்கள் தலையில்தானே விடிந்தது.

நித்தியகல்யாணியிலும் 2022-இல் இதே வழியில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார்கள். ஈஸ்டில் கேதராந்தினையும் விண்டோலினையும் தனித்தனியே செய்து, வெளியே வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். கிடைத்த அளவு ஆய்வக அளவுதான். அதற்கு வெகு முன்பே, பிரான்சில் பொட்டியே குழுவினர் இலையிலிருந்து எடுத்த இரு பாதிகளையும் இணைத்து வினோரெல்பின் என்ற புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள். செடி தனித்தனியே பூட்டி வைத்த இரண்டையும் மனிதக் கை சேர்க்கும் வேலை அது. இரட்டை மூலக்கூறு துளியளவே இருந்தாலும், அதன் இரு பாதிகளும் இலையில் அதைவிடப் பன்மடங்கு இருக்கின்றன. எனவே இலைக்கான தேவை அவ்வளவு எளிதில் போய்விடாது என்பதே என் கணிப்பு. எந்த வியாபாரியிடமும் ஒரே பயிரை நம்பி முழு நிலத்தையும் விடாதீர்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

கலன் முறை உண்மையில் தேவைப்படுவது வயலில் வளராதவற்றுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காட்டில் வெட்டி வெட்டியே அருகிவிட்ட மரமஞ்சள் கொடியை எண்ணிப் பாருங்கள். முற்றப் பல ஆண்டுகள் எடுக்கும் அதன் தண்டில் இருக்கும் பெர்பெரினை, வேறு செடிகளின் செல் வளர்ப்பில் எளிதாகவே செய்ய முடிகிறது. நம் ஆய்வகங்கள் கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பதில்: பொருநை மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இலைச் சாற்றையும் கேலஸ் சாற்றையும் ஒரே தகட்டில் ஓட்டினேன். ஐயா சொன்னது போலவே வின்பிளாஸ்டின் உயரத்தில் இலையிலும் எதுவும் தெரியவில்லை. என் நெறியாளரிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். தலைப்பை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். வகுப்புத் தோழியின் ஆய்வகத்தில் விண்டோலின் தரமாதிரி இருக்கிறது. கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சன்னலோரம் வைத்திருந்த ஒரு குடுவையில் கேலஸ் ஓரங்களில் பச்சையாகியிருக்கிறது. வெளிச்சம் பட்டதால் அதில் விண்டோலின் வந்திருக்க வாய்ப்பு உண்டா? மீதமுள்ள ஐந்து வாரத்தில் எதைச் செய்வது சரியாக இருக்கும்?

பதில்: பழைய கரும்பலகை

பச்சை என்பது குளோரோபிளாஸ்ட் வந்துவிட்டதற்கான அடையாளம். இடியோபிளாஸ்ட் வந்ததற்கான அடையாளம் அன்று. அதையும் ஓட்டிப் பாருங்கள், ஆனால் எதிர்பார்ப்பு வேண்டாம்.

ஐந்து வாரத்தில் இரண்டு வேலைகளை ஒருசேரத் தொடங்கலாம். கணுத் துண்டுகளை 2,4-டி இல்லாத எம்.எஸ். ஊடகத்தில், தளிர் ஊக்கியான பென்சைல் அடினின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்த்து வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தளிர்க் கொத்துகள் வரும். அவற்றில் இலை இருக்கிறது, எனவே விண்டோலின் செய்யும் செல்களும் இருக்கும். கேலஸ், தளிர்க் கொத்து, தோட்டத்து இலை ஆகிய மூன்றையும் சம எடையில் ஒப்பிடுங்கள்.

மற்றொன்று இன்னும் எளிது, செலவே இல்லாதது. விதைகளை ஈரத் தாளில் வைத்துக் கறுப்புத் துணியால் மூடி, முழு இருட்டில் ஆறு நாள் முளைக்கவிடுங்கள். வெளுத்து நீண்ட நாற்றுகளில் பாதியை அப்படியே அறுத்தெடுங்கள். மறுபாதியை இரண்டு நாள் வெளிச்சத்தில் வைத்துப் பின்னர் எடுங்கள். இருட்டு நாற்றில் விண்டோலினுக்கு முந்திய பொருளான டேபர்சோனின் தேங்கி நிற்கும். வெளிச்சம் பட்டதில் அது குறைந்து விண்டோலின் ஏறும். தொடர்வினையின் கடைசிப் படிகள் விளக்குப் போட்டதும் திறந்துகொள்வதை உங்கள் தகட்டிலேயே பார்க்கலாம்.

மெர்க்குரிக் குளோரைடைக் கணுத் துண்டுகளுக்குப் பயன்படுத்தினால் கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள். கூடுமானால் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறிவிடுங்கள். நாற்றுகளை எடுக்கும் நாளில் ஈர எடையையும் உலர் எடையையும் இரண்டையும் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.